ஈற்றில் வரும் இரத்தமும் மூன்று மாதச் சர்க்கரையும்

18.02.2024 – தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

என் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) வயது 58. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. சென்ற மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரை (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c இரத்தப் பரிசோதனை) 9.4 என்று வந்தது. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. பல் துலக்கும்போதெல்லாம் ஈற்றில் இரத்தம் வருகிறது, கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஆடுகின்றன. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர், முதலில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தாவோ, சர்க்கரை இருப்பது இரத்தத்தில், பல் இருப்பது வாயில், இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டுவிட்டுப் போகவே மறுக்கிறார். மாமா ஒருவர், எல்லாப் பல்லையும் பிடுங்கிப் போட்டால் சர்க்கரை தானாக இறங்கும் என்கிறார். இதில் எது உண்மை, எது வியாபாரம்?

18.02.2024, இரவு

மருத்துவர் சொன்னது சரி, மாமா சொன்னது தவறு, அத்தா கேட்டது நல்ல கேள்வி.

நான் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எனக்கும் சர்க்கரை உண்டு. 49 வயதில் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டை இழந்தேன். அதற்கு முன் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், காலையில் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரஷ் முரடு என்று நினைத்து மென்மையான பிரஷ் வாங்கினேன், அதிலும் வந்தது. பிறகு இரத்தம் வந்த இடத்தைத் தொடாமல் துலக்கப் பழகிக்கொண்டேன், அதுதான் நான் செய்தவற்றில் மிகப் பெரிய மடமை. சில நாள்களில் தலையணை உறையில் துருநிறக் கறை இருக்கும். வாய் நாற்றத்தை யாரும் சொல்லவில்லை. மீன் கம்பெனியில் இருப்பவனிடம் யார் போய் எந்த நாற்றம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்வார்கள்?

சிகிச்சைக்கு முன் என் மூன்று மாதச் சர்க்கரை 9.1. ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு 8.3. அத்தாவை அழைத்துக்கொண்டு போங்கள், தம்பி. சர்க்கரை நிச்சயம் இறங்கும்.

20.02.2024

அந்த உறவு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

பல்லின்மேல் நாள்தோறும் மாவு போலப் படிகிறதே, அது வெறும் உணவுத்துணுக்கு அன்று; கிருமிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு குடியிருக்கும் படலம். 1965இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து பார்த்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தது. முதற்கட்டம் இப்படித்தான், போனதைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாம் கட்டத்தில் அது முடியாது. படலம் காரையாக இறுகி ஈற்றுக்குக் கீழே இறங்குகிறது. பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே இயல்பாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும் இடுக்கு ஆழமாகிப் பை போல ஆகிவிடுகிறது. அதன் அடியில் உயிர்க்காற்று எட்டாத இருட்டில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் செழிக்கின்றன. அவற்றை விரட்ட உடல் நடத்தும் சண்டையிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை. இத்தனையும் பெரிய வலி எதுவும் இல்லாமல் நடந்துவிடுவதுதான் கொடுமை.

என்னைப் பரிசோதித்த பெண் மருத்துவர், கறுப்புக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈற்றோரமாக இறக்கி எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம்; 28 பல் இருந்தால் 168 எண்கள். மூன்று, மூன்று, நான்கு, ஐந்து, மூன்று, ஏழு. நான் நாள் முழுவதும் எண் கேட்டுப் பழகியவன். இறால் எடை சொல்லும்போது எண் கூடினால் மகிழ்ச்சியாக இருக்கும். அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணும் கூடக்கூட உள்ளங்கை வியர்த்தது.

அந்தப் பைகளின் உட்சுவர் முழுவதும் புண். வாயில் உள்ள எல்லாப் பைகளையும் பிரித்துப் பரப்பினால் உள்ளங்கை அளவுக்கு வரும். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உள்ளங்கை அளவு ஆறாத புண் இருந்தால் வீட்டில் யாராவது சும்மா இருப்பார்களா? இது அதே புண்தான். மீசைக்குக் கீழே மறைந்திருக்கிறது.

21.02.2024

திருத்தம். உள்ளங்கை என்று எழுதியது மிகை. பல் மருத்துவ அறைகளில் அப்படித்தான் சொல்வார்கள், நானும் கேட்டதை எழுதிவிட்டேன். 2001இல் வெளிவந்த கணிப்பின்படி, ஈறு நோய் உள்ளவரின் பல்லும் ஈறும் சந்திக்கும் பரப்பு ஏறத்தாழ 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர். அடிக்கோலை எடுத்து மேசைமேல் இருந்த தீப்பெட்டியை அளந்தேன்: ஐந்துக்கு மூன்றரை, அதாவது பதினேழரை. தீப்பெட்டி அளவுப் புண் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். காலில் தீப்பெட்டி அளவுப் புண் இருந்தாலும் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதால் வாதம் அப்படியே நிற்கிறது.

25.02.2024

நம் கடற்கரையில் உப்புத் தண்ணீர் குடிப்பதால்தான் பல்லில் காரை படிகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் நாற்பது வயது வரை அப்படியே நம்பியவன். வாளியின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்க்கிறவனுக்குப் பல்லிலும் அதுவே படிகிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காரைக்கு வேண்டிய சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் நம் எச்சிலிலிருந்தே வருகின்றன. ஐயம் இருந்தால் நாக்கால் சோதித்துப் பாருங்கள்: கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப்புறத்திலும்தான் காரை மிகுதியாகத் தட்டுப்படும், ஏனென்றால் எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அந்த இடங்களுக்கு எதிரே திறக்கின்றன. தண்ணீர் காரணமாக இருந்தால் எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று எழுதியிருக்கிறார். மெத்தச் சரி. ஆனால் அந்த 'வேல்' கருவேலம். நம் மாவட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது சீமைக்கருவேலம். அதன் குச்சியை ஒடித்து யாரும் பரிசோதனையில் இறங்க வேண்டாம். கீழக்கரையில் பலர் மிஸ்வாக் குச்சியால் துலக்குகிறார்கள், உலக நலவாழ்வு நிறுவனமும் அதைத் தள்ளவில்லை. குச்சியோ பிரஷோ, ஈறும் பல்லும் சேரும் ஓரத்துக்கும் பல்லிடுக்குக்கும் எட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

02.03.2024

முதல் நாள் 'நிச்சயம் இறங்கும்' என்று எழுதினேன். அதை இப்போது திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

நிலைபெற்ற செய்தி எதுவோ அதை முதலில் சொல்கிறேன். சர்க்கரை கூடினால் ஈறு கெடும் என்பதில் ஐயமே இல்லை: வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, நுண்ணிய இரத்தக்குழாய்கள் பாழாகின்றன, புண் ஆறுவது தாமதமாகிறது. மேலே சொன்ன அதே லோ, 1993இல், கண், சிறுநீரகம், நரம்பு என்று எண்ணிக்கொண்டு வரும் சர்க்கரை நோயின் பின்விளைவுகளில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்கவேண்டும் என்று எழுதினார். எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. ஈற்றில் ஓயாமல் எரியும் அழற்சியிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, இன்சுலின் சொல்வதை உடல் கேட்காதபடி செய்கின்றன. அத்தாவிடம் சொல்லுங்கள்: பல் வாயில் இருந்தாலும் ஈற்றுக்குள் ஓடுவது அதே இரத்தம்தான்.

எவ்வளவு இறங்கும் என்ற இடத்தில்தான் நான் அவசரப்பட்டேன். 35 ஆய்வுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பு) மதிப்பாய்வு, ஈற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்களின் மூன்று மாதச் சர்க்கரை, எடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளியும் ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும் குறைந்திருந்ததாகக் கூறுகிறது. இது சிறிய எண் அன்று. சிலருக்கு இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்கு அருகில் வரும். ஆனால் என் வீட்டில் இறங்கியது 0.8. மீதி எங்கிருந்து வந்தது?

பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நான் சிகிச்சை எடுத்தது மீன்பிடித் தடைக்காலத்தில். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் கம்பெனியில் இரவு வேலை இல்லை. நாளைக்கு ஏழு சர்க்கரைத் தேநீர் இரண்டாகக் குறைந்தது. இரவு பதினொரு மணிப் பரோட்டா நின்றது. மாலையில் கடற்கரையில் நடந்தேன். இவ்வளவையும் மறந்துவிட்டு முழுப் பெருமையையும் ஈற்றுக்குக் கொடுத்துவிட்டேன். வரவை ஒரே தலைப்பில் எழுதும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்.

மாறான முடிவும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடத்தி 2013இல் வெளியான பெரிய ஆய்வில் சர்க்கரை இறங்கவே இல்லை. அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பிறகும் பலருடைய ஈறு சரியாக ஆறவில்லை, பிறகு சர்க்கரை எப்படி இறங்கும் என்று எதிர்வாதம் செய்தார்கள். எனக்கு அந்த எதிர்வாதம் ஓரளவு ஏற்புடையதாகவே படுகிறது; ஆனாலும் 'நிச்சயம்' என்ற சொல்லை எழுதியிருக்கக் கூடாது.

03.03.2024

அப்படியானால் பல்லைச் சுத்தம் செய்தபின் மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. குறைப்பதும் கூட்டுவதும் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

10.03.2024

'எனக்கு இரத்தமே வருவதில்லை, ஆகவே ஈறு நன்றாக இருக்கிறது' என்று எழுதிய நண்பருக்காக இதை எழுதுகிறேன். அவர் பீடி குடிப்பவர் என்று அவரே இரண்டு வரிக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

என் மச்சான் பாம்பனில் இருக்கிறார். நாளைக்கு ஒரு கட்டு பீடி. நான் இரத்தம் துப்பிக்கொண்டிருந்த காலத்தில், என் ஈற்றைப் பார், பாறை மாதிரி என்று உதட்டை விலக்கிக் காட்டுவார். உண்மையில் பாறை மாதிரிதான் இருந்தது: வெளிறி, இறுகி, வீக்கமோ சிவப்போ இல்லாமல். 47ஆம் வயதில் ஒருநாள் கணவாய்க் கறியில் ஒரு துண்டைக் கடித்தபோது மேல் கடைவாய்ப்பல் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், வேரைச் சுற்றி எலும்பு பாதிக்குமேல் இல்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, வேர்கள் தூணாகவும் எலும்பு தண்ணீர் மட்டமாகவும் தெரிய, 'வற்றத்தில் பாம்பன் பாலத்துத் தூண் நிற்கிற மாதிரி இருக்கிறதே' என்று அவரே சொன்னார்.

நிக்கோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் புகைப்பவரின் ஈறு நோயிலும் குறைவாகவே இரத்தம் காட்டும். இரத்தம் என்பது வீட்டு நாய் குரைப்பதைப் போல; புகை அந்த நாயின் வாயைக் கட்டிவிடுகிறது, திருடனைப் பிடிப்பதில்லை. புகைப்பதை நிறுத்திய பிறகு சிலருக்குச் சில வாரங்களில் ஈற்றில் இரத்தம் கூடும். மச்சானுக்கும் அப்படி வந்தது; நிறுத்தியதால்தான் கெட்டது என்று மறுபடி பற்றவைத்துவிட்டார். இப்போது இரண்டாவது முறையாக நிறுத்தியிருக்கிறார்.

17.03.2024

யாரோ கைப்பேசியில் சுற்றும் படம் ஒன்றை இங்கே போட்டிருக்கிறார்கள்: பல் துலக்காவிட்டால் மாரடைப்பாம். சர்க்கரையில் நான் செய்த அதே தவறு இதில் பத்து மடங்காக இருக்கிறது.

ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருகின்றன என்பது பின்லாந்தில் நடத்தி 1989இல் வெளியான ஆய்விலிருந்து திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அதற்கு இயலக்கூடிய வழிகளும் இருக்கின்றன: மெல்லும்போதும் துலக்கும்போதும் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன, தமனிகளின் உட்சுவரில் படியும் கொழுப்புத் திட்டுகளில் வாய்க் கிருமிகளின் மரபுத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பீடி இரண்டையும் கெடுக்கிறது, சர்க்கரை இரண்டையும் கெடுக்கிறது, வறுமையும் இரண்டையும் கெடுக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் இருந்த சான்றுகளையெல்லாம் அலசிப் பார்த்து, அந்தப் பொதுக்காரணங்களைக் கழித்த பிறகும் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்றோ, ஈற்றைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதியது. நெஞ்சுவலி வந்தவர் பல் மருத்துவரிடம் போகக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் காரண உறவு தெளிவாக இருக்கிறது. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பே ஒருமுறை இதய உட்சவ்வில் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் குறை உள்ளவர்கள், இவர்களுக்கு வாயிலிருந்து போகும் கிருமி வால்வில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே தீங்கு செய்யலாம். பல் பிடுங்குவதற்கோ ஈற்றுக்குக் கீழே சுத்தம் செய்வதற்கோ முன் இவர்கள் கிருமிக்கொல்லி மருந்து எடுக்க வேண்டியிருக்கும். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) வந்து வால்வு கெட்டவர்களும் பல் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்வார்.

24.03.2024

மாமாவின் 'எல்லாவற்றையும் பிடுங்கு' கட்சிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாமா நினைப்பதுபோல அது நாட்டு வைத்தியம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய மருத்துவர்களே அந்தக் கட்சியில் இருந்தார்கள். மூட்டுவலி, வயிற்றுப்புண், மனநோய் எல்லாவற்றுக்கும் வாயில் ஒளிந்திருக்கும் தொற்றே வேர் என்று சொல்லிப் பல்லாயிரம் பேருடைய நல்ல பற்களையும் பிடுங்கினார்கள். பல் போனது, நோய் போகவில்லை. அந்த அவமானத்தால், வாய்க்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சையே பல பத்தாண்டுகள் யாரும் எடுக்கவில்லை. இன்று பல் மருத்துவர்கள் இவ்வளவு தயங்கித் தயங்கிப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று. 1970இல் லோவின் குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் ஈறுகளைப் பார்க்கத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அவர்களிடம் வழக்கமான பல் துலக்கும் பழக்கம் கிடையாது, பல் சிகிச்சையும் கிடையாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்பதை உலகம் தெரிந்துகொண்டது அவர்கள் வாயைப் பார்த்துத்தான். எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈற்றிலும் வீக்கம். ஆனால் எலும்பு கரைந்த வேகம் ஒன்றாக இல்லை: ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு மிக விரைவாக, 81 விழுக்காட்டினருக்கு மிதமாக, மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை.

தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் பக்கத்து மனிதர்கள். கப்பல் ஏறுவதற்கு முன் அவர்களைத் தொற்று நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தங்கவைத்த இடம்தான் மண்டபம் கேம்ப். ரயில் நிலையத்துக்கு இன்றும் அதே பெயர். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய முகாமைத் தாண்டிப் போன குடும்பங்களின் பேரன்கள், ஈறு நோய்ப் பாடப்புத்தகத்தில் எண்களாக இருக்கிறார்கள்.

அந்த 11 விழுக்காட்டைப் படித்துவிட்டு, 'என் தாத்தா சாம்பலில் துலக்கி 90 வயதில் முறுக்குக் கடித்தார்' என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். கடித்திருப்பார். அந்த 11இல் அவர் இருந்தார். உங்கள் அத்தா எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பதை ஆடுகிற இரண்டு பல் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

25.03.2024

தாத்தாக்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் முறுக்கு இல்லை, கரும்பு.

28.03.2024

தொண்டித் தம்பி எழுதியிருக்கிறார்: அத்தா சம்மதித்துவிட்டார், ஆனால் நோன்பு முடிந்த பிறகுதான் வருவாராம். மூன்று வாரம் தள்ளுவதால் ஒன்றும் மூழ்கிவிடாது. சீழ் வந்தாலோ, தாடை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையை நோன்பு நேரத்துக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்பதை மருத்துவரிடம் ஏற்கெனவே கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். கேட்கவில்லையென்றால் நாளைக்கே கேட்கச் சொல்லுங்கள், ஈற்றைவிட அது அவசரம்.

07.04.2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அம்மாவுக்கு 2019இல் பக்கவாதம் வந்தது. விழுங்குவது சிரமமாகிவிட்டது. மருத்துவமனையில் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், குழாயில் கஞ்சி ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். வாயைத் துடைக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடுதான் வாய் வழியாகப் போகவில்லையே, வாய் எப்படி அழுக்காகும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நாக்கில் பழுப்பாக ஏடு கட்டியது. ஈறு பஞ்சு போலாகித் தொட்டாலே இரத்தம் கசிந்தது. இரண்டாவது மாதம் நிமோனியா. அதிலிருந்து மீண்டார், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தபோது மீளவில்லை.

எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்போது வாயில் உள்ள கிருமிகளும் சேர்ந்து இறங்குகின்றன. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், சாப்பாட்டுக்குப் பின் பல்லும் வாயும் துலக்கிவிடப்பட்ட முதியவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. மாரடைப்பைப் போலச் சுற்றிவளைத்து விளக்க வேண்டிய தொடர்பு இல்லை இது. ஒரு சாண் தூரத்துச் சங்கதி.

அம்மாவின் ஈறு அப்படி வீங்கியதற்கு இரத்த அழுத்தத்துக்காகக் கொடுத்த அம்லோடிபின் மாத்திரையும் காரணமாக இருந்திருக்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மாத்திரையும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினும் சிலருக்கு ஈற்றைப் பல்லின்மேல் வளரச் செய்யும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் ஈற்றைக் காட்டினால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது.

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர் உண்டென்றால், தலையை உயர்த்தி ஒருபக்கமாகச் சாய்த்து, மென்மையான பிரஷை நனைத்து உதறிவிட்டு, நாளுக்கு இரண்டு முறை பல்லையும் நாக்கையும் துடையுங்கள். தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள்.

08.04.2024

எலுமிச்சை குடித்தால் இரத்தம் நிற்கும் என்பவருக்கு: 1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் 12 மாலுமிகளை வைத்துச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் தேறியதைக் கண்டார், அது மாதக்கணக்கில் பழமும் காயும் காணாதவர்களுக்கு வந்த ஸ்கர்வி நோய். நம் படகு விடிந்தால் கரைக்கு வந்துவிடுகிறது. காரையை எலுமிச்சை கரைக்காது, பல்லைத்தான் கரைக்கும்.

12.04.2024

கர்ப்பிணியாக இருக்கும் தன் தங்கைக்கு ஈறு வீங்கியிருப்பதாக ஒருவர் கேட்டிருக்கிறார். கர்ப்ப காலத்தில் இயக்குநீர் (ஹார்மோன்) மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். ஈறு நோய் உள்ளவர்களுக்குக் குறைப்பிரசவம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 1996இல் ஓர் ஆய்வு வந்து பெரும் பேச்சானது. பிறகு 823 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், சுத்தம் செய்வதால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கில்லை, ஈறும் தேறுகிறது, ஆனால் குறைப்பிரசவம் குறையவில்லை என்று கண்டார்கள். ஆகவே தங்கை தயங்காமல் சிகிச்சை எடுக்கலாம். ஈற்றுக்காக எடுக்கட்டும், வேறு வாக்குறுதிக்காக வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டியதில்லை.

16.04.2024

நேற்று முதல் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தம்பி, பெருநாளும் முடிந்துவிட்டது, அத்தாவுக்குச் சாக்கும் முடிந்துவிட்டது. ஆழமாகச் சுத்தம் செய்ய இரண்டு மூன்று முறை போகவேண்டியிருக்கும். தொழில் நாளில் அது நடக்காது.

போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. காலைச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ எடுக்கிறவராக இருந்தால், இரத்தம் வருமே என்று தாமாகவே நிறுத்திவிட்டுப் போவது பெரிய ஆபத்து.

19.05.2024

அத்தாவுக்கு இரண்டு முறை சுத்தம் செய்தாகிவிட்டது என்றும், இப்போது வேறொரு சண்டை என்றும் தம்பி எழுதியிருக்கிறார். 'நன்றாக இருந்த பல்லைச் சுரண்டிச் சந்தாக்கிவிட்டான், முன்னைவிடக் கூடுதலாக ஆடுகிறது, மீன் முள் உள்ளே போய் நிற்கிறது' என்று அத்தா கத்துகிறாராம்.

எனக்கும் இதே கோபம் வந்தது. பல் மருத்துவரைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் திரிந்தேன். நடந்தது இதுதான்: பல்லிடுக்கில் காரை நிரம்பி, சாந்து பூசியதுபோல ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது; அதை எடுத்ததும் உள்ளபடியான ஆட்டம் தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றி இறங்கியதால் மறைந்திருந்த சந்து தெரிகிறது. சில வாரங்களில் ஈறு இறுகி ஆட்டம் ஓரளவு குறையும். எலும்பு அறவே போன பல் குறையாது, அதை எடுக்கத்தான் வேண்டும். என் இரண்டு பற்களில் ஒன்று அப்படித்தான் போனது. முதல் நாள் நான் எழுதியதைப் படித்தவர்கள் இரண்டும் தானாக விழுந்தன என்று நினைத்திருக்கலாம். ஒன்று தானாக விழுந்தது, மற்றதை மருத்துவர் எடுத்தார்.

சந்துக்கு மருந்துக்கடையில் பல்லிடுக்குப் பிரஷ் கிடைக்கிறது, பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி போல இருக்கும். இறுகாமலும் தொளதொளவென்று இல்லாமலும் போகும் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை போதும். முதல் வாரம் அதிலும் இரத்தம் வரும், அந்த இடத்தை விட்டுவிடாமல் துலக்கச் சொல்லுங்கள். எட்டு ஆண்டு நான் விட்ட இடம் அதுதான்.

23.06.2024

அத்தாவின் மூன்று மாதச் சர்க்கரையைக் கேட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகச் சுத்தம் செய்தது மே நடுவில். ஆகஸ்ட் நடுவுக்கு முன் எடுத்தால் அந்த எண்ணில் பழைய நாள்களும் கலந்திருக்கும். அதுவரை அவர் எத்தனை தேநீர் குடிக்கிறார், எத்தனை நாள் கடலுக்குப் போகிறார் என்பதையும் ஒரு தாளில் குறித்துவரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். துலக்கும்போது நுரை வெள்ளையாக இருப்பதாக அத்தா சொன்னாராம். பத்து நாளாக, தினமும் காலையில் துப்பிவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறாராம்.